சதை மாத்திரை

மொமேனா வளர்த்த காளை எதுவும் சந்தைக்கு நடந்து போனதில்லை. குர்பானி கொடுக்கும் பக்ரீத் பெருநாள் நெருங்கிவிட்டால் வியாபாரிகள் படகைக் கட்டிக்கொண்டு அவள் வாசலுக்கே வந்துவிடுவார்கள். வங்கதேசத்து ஜமுனை ஆற்றின் நடுவே கிடக்கும் அந்த மணல் திட்டில் வீட்டுக்கு ஒரு காளை நிற்கும். இருந்தாலும் மொமேனா வீட்டு மாடு என்றால் சிராஜ்கஞ்ச் கரை வரைக்கும் அதற்கென்று ஒரு பேச்சு உண்டு. எலும்பும் தோலுமாக வாங்கிக் கட்டிய கன்று அவள் கையில் ஒரே வருஷத்தில் யானைக்குட்டி மாதிரி ஆகிவிடும். உளுந்துச் செடியை அறுத்து வந்து போடுவாள். தவிட்டில் வெல்லத்தைக் கரைத்து, பிண்ணாக்கை ஊறவைத்து, பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவாள். மாட்டுக்குக் கொசுவலை கட்டிவிட்டு, தான் புடவையைப் போர்த்திக்கொண்டு படுப்பாள்.

கடைசிச் சில வாரங்களில் தவிட்டோடு இன்னொன்றும் சேரும். எல்லார் வீட்டிலும் சேரும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சின்னதாக, வெள்ளையாக, பட்டாணியில் பாதி இருக்கும். மருந்துக்கடை நிமாய் அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவான். ஊரில் அதற்குச் சதை மாத்திரை என்று பேர். அரசாங்கம் தடை போட்டது; அதிகாரிகள் படகில் வந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். அதைக் கேட்டுக்கொண்டே பெண்கள் மாத்திரையைப் பொடித்தார்கள். அது சேர்ந்த மாடு மளமளவென்று உருண்டு திரளும். உண்மையில் அது சதையே இல்லை, தண்ணீர். விவரம் தெரிந்த வியாபாரி மாட்டின் பின்தொடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான். விழுந்த குழி அப்படியே நின்றால் உதட்டைப் பிதுக்குவான். அந்த விரல் வருவதற்குள் மொமேனா பேச்சுக் கொடுத்து அவனை மாட்டின் முகப்பக்கம் கூட்டிப்போய்விடுவாள். அதில் அவள் கெட்டிக்காரி.

மாத்திரை தின்ற மாட்டைப் பெருநாளுக்குள் விற்றாக வேண்டும். விற்காமல் நின்றுபோனால் அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தினால் கால் மடங்கி உட்கார்ந்துவிடும், எழுந்திருக்காது. நிறுத்தாமல் கொடுத்தால் மூச்சு வாங்கிச் சாகும். அந்தத் திட்டில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை. மொமேனாவுக்கும் நன்றாகத் தெரியும். பின்னால் அவளை உள்ளே இருந்து அரித்துத் தின்றதும் அதுதான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

ரொஜப் அவளுடைய தம்பி. வெள்ளத்துக்குப் பின் வந்த வாந்திபேதியில் தாய் போனபோது அவன் தவழ்கிற குழந்தை. மொமேனாவுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் புருஷன் வீட்டுப் படகில் ஏறினாள். புருஷன் தொராப் படகோட்டி. வாய்க்காரன்.

"ஊர்ல மாப்பிள்ளைக்கு சைக்கிள் குடுப்பாங்க, கடியாரம் குடுப்பாங்க. என் மாமனாரு எனக்கு ஒரு மச்சானக் குடுத்தாரு. அதுவும் பால்குடி மறக்காத மச்சான்," என்று படகில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சொன்னானே தவிர, ரொஜப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவனும் அவன்தான். மொமேனாவின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அந்தக் குறை யாருக்கும் தெரியாதபடி ரொஜப் வீட்டை நிறைத்தான். அக்காவை அந்தப் பக்கத்தில் 'புபு' என்பார்கள். அவனும் அப்படித்தான் கூப்பிட்டான். குரல் மட்டும் அம்மாவைக் கூப்பிடுகிற குரலாக இருக்கும்.

ஆறு வீட்டைத் தின்பதும், தகரத்தையும் சணல்குச்சித் தட்டியையும் பிரித்துப் படகில் ஏற்றி வேறு திட்டில் போய் இறங்குவதும் அந்த ஊரில் சொல்லிப் புலம்புகிற விஷயமில்லை. மழைக்காலம் வருவதைப்போல அதுவும் வரும். ஆனால் மொமேனாவுக்கு அலுத்துவிட்டது. அணைக்கரைக்கு அந்தப் பக்கம், ஆறு எட்டாத இடத்தில், பிரித்துத் தூக்கவேண்டாத ஒரு வீடு வேண்டும். காளை விற்ற காசு அடுத்த கன்றுக்கும் அடுத்த தகரத்துக்குமே சரியாகப் போனது. ரொஜப் வெளிநாடு போனால்தான் அந்த வீடு எழும்பும் என்று அவள் மனதுக்குள் முடிவுகட்டிவிட்டாள்.

அந்தத் திட்டுக்கு இரண்டு விதமான வியாபாரிகள் வருவார்கள். ஒருவன் மாட்டைப் பார்க்க வருவான், ஒருவன் ஆளைப் பார்க்க வருவான். வெளிநாட்டுக்கு ஆள் பிடித்து அனுப்புகிறவனை ஆதம் வியாபாரி என்றுதான் அங்கே சொல்வார்கள். அப்படி வந்தவன் ஷுக்குர். வாசலில் நின்ற ரொஜப்பைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"புள்ள நல்ல புள்ளதான். ஆனா இது கட்டிட வேலை, அக்கா. சவூதிக்காரன் மெடிக்கல்ல எடை பாப்பான். இவன மெஷின்ல ஏத்தினா முள்ளு அசையுமா?"

"சோறெல்லாம் நல்லாத்தான் திங்கிறான் தம்பி," என்றாள் மொமேனா.

"திங்கிற சோறு எங்க போகுது? ஆத்துக்கா?"

தொராப் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். "காத்து பலமா அடிச்சா நான் இவன பாய்மரத்தோட சேத்துக் கட்டிப் போட்டுடுவேன். இல்லேன்னா மாப்ள பறந்துடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ரொஜப்பும் சிரித்தான். சிரித்துவிட்டுச் சட்டையை இழுத்து நெஞ்செலும்பை மூடிக்கொண்டதை மொமேனா பார்த்தாள்.

"பனிக்காலம் முடியறதுக்குள்ள கொஞ்சம் தேத்தி வையுங்க. வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றான் ஷுக்குர். கன்றைப் பார்த்துவிட்டுப் போகிற மாட்டு வியாபாரியும் அதையேதான் சொல்வான். அன்றைக்கு அது அவளுக்கு உறைக்கவில்லை.

நிமாயிடம் சுற்றிவளைத்துத்தான் கேட்டாள்.

"இந்த மாத்திரைய மனுஷங்க தின்னா என்னாகும் நிமாய்?"

அவன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான். "என்னாகும்? மனுஷனுக்கு வந்த மருந்துதானே மாட்டுக்குப் போச்சு. இழுப்புக்காரன் திங்கிறான், மூட்டுவலிக்காரி திங்கிறா. யாருக்குக் கேக்குற?"

"மாட்டுக்குத்தான்."

"மாடு நல்லா இருக்கட்டும்," என்று மடித்துக் கொடுத்தான். அவனும் மேலே கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முதல் மாத்திரையைப் பால் தம்ளரோடு நீட்டியபோது ரொஜப் கேட்டான். "என்ன புபு இது?"

"வைட்டமின். சர்க்கார் ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. உடம்புக்குச் சத்து."

கேள்வி அதோடு முடிந்தது. மண்ணைப் பிசைந்து கொடுத்தாலும் அவள் கொடுத்தால் விழுங்குகிற பிள்ளை.

பசி முதலில் வந்தது. பழைய சோற்றில் உருளைக்கிழங்கு மசியலைப் பிசைந்து வைத்தால் சட்டி காலி. பின்பு கன்னம் வந்தது. முகம் வட்டமாயிற்று, கழுத்துக் குழி மூடிற்று, சட்டைப் பொத்தான் இழுத்துப் பிடித்தது. பக்கத்து வீட்டு ஜொபேதா சாச்சி வேலிக்கு அந்தப்புறம் நின்று அதிசயப்பட்டாள்.

"என்னடி மொமேனா! மாட்ட அவுத்து விட்டுட்டுத் தம்பியக் கட்டிப் போட்டு வளக்குறியா?"

"கண்ணு வைக்காதீங்க சாச்சி," என்று மொமேனா சிரித்தாள். பிறகு உள்ளே வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்த்தாள்.

மெடிக்கலில் முள் அசைந்தது. ஷுக்குர் தோளில் தட்டி, "இப்பத்தான் ஆம்பள," என்றான். விசா வர வேண்டும், அதுதான் பாக்கி. மொமேனா மாத்திரையை நிறுத்த நினைத்தாள். நினைத்த உடனே, விற்காமல் நின்றுபோன மாடுகள் அவள் கண்ணுக்குள் வந்து கால் மடங்கி உட்கார்ந்தன. விமானம் ஏறுகிறவரை கொடுத்துவிடுவோம், அங்கே போனால் நல்ல சாப்பாடு, தானாகச் சரியாகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒன்று கொடுத்த இடத்தில் சில நாள் இரண்டும் கொடுத்தாள்.

ரொஜப்பின் கண்ணில் ஒரு புள்ளி வந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கண் கெட்டால் விசா போய்விடும் என்கிற பயம். ஒருநாள் படகிலிருந்து இறங்கும்போது பலகை இருக்கும் இடத்தை விட்டுவிட்டுத் தண்ணீரில் காலை வைத்து விழுந்தான்.

"டேய் மாப்ள, பலகை இந்தப் பக்கம். சவூதியில போயி மாடியிலேர்ந்து இப்படி எறங்கிடாத," என்று கேலி பண்ணிக்கொண்டே தூக்கிவிட்ட தொராப், அவன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான்.

"என்னடா?"

"மச்சான், நடுவுல மங்கலா இருக்கு. துடுப்பு, கம்பு எல்லாம் வளைஞ்சு தெரியுது. மொத இடது கண்ணுதான். இப்ப வலதுலயும். உக்காந்திருந்தா மேலேர்ந்து ஒரு நிழல் தொங்குது. படுத்து எந்திரிச்சா அது நடுவுக்கு வந்துடுது." ரொஜப் மெதுவாகச் சொன்னான். "அந்த நிழல் நகருது மச்சான்."

நிமாய் சொட்டு மருந்து கொடுத்தான். கேட்கவேண்டியதை அப்போதும் கேட்கவில்லை. சொட்டு மருந்து தீர்ந்தபோது நிழல் இன்னும் இறங்கியிருந்தது. தொராப் அவர்களை நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று திரும்பினான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசைக்குக் காத்திருக்கும்போதும் மொமேனா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தம்பிக்கு அன்றைய மாத்திரையைக் கொடுத்தாள். அவன் குழாய்த் தண்ணீரில் விழுங்கினான்.

டாக்டர் திலாரா அந்த ஆற்றுக்கரைக்காரிதான். பேச்சிலேயே தெரிந்தது. ரொஜப்பின் கண்ணை விரித்துப் பார்த்து, இருட்டறையில் இயந்திரத்தில் படம் எடுத்து, உட்காரவைத்துப் பார்த்து, படுக்கவைத்தும் பார்த்தார். பிறகு மொமேனாவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் ஒரு மேடு.

"நம்ம ஊர்ல கரை எப்படிங்க இடியுது? மேலேர்ந்தா?"

"இல்ல டாக்டரம்மா. அடியில தண்ணி பூந்து. மேல புல்லு அப்படியே இருக்கும், கால வச்சா உள்ள போயிடும்."

"அதேதான் இங்கயும். கண்ணுக்குப் பின்னால சுவரோட ஒட்டின மாதிரி ஒரு திரை இருக்கும். அதுலதான் பாக்கிறது பதியும். அந்தத் திரை சிலருக்குக் கிழிஞ்சு பிரியும், சிலருக்கு இழுபட்டுப் பிரியும். உங்க தம்பிக்குக் கிழிசலும் இல்ல, இழுப்பும் இல்ல. பின்னாலேர்ந்து தண்ணி ஊறித் திரையத் தூக்குது. தலை எந்தப் பக்கம் சாயுதோ தண்ணியும் அந்தப் பக்கம் போகுது. அதான் அவருக்கு நிழல் நகருது."

"ஏன் ஊறுது டாக்டரம்மா?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும். ரத்தக் கொதிப்பு எகிறினா ஊறும். கிட்னி கெட்டா ஊறும். வயித்துப் புள்ளக்காரிக்கு உடம்பு வீங்கி வலிப்பு வர்ற மாதிரி ஆனா ஊறும். கண்ணுக்குள்ள கட்டி இருந்தா ஊறும். இவருக்கு அதெல்லாம் இல்ல. இன்னொண்ணு, உடம்பு தன் கண்ணையே எதிரின்னு நெனச்சுச் சண்ட போட்டு உள்ள வீங்கிப் போறது. ரெண்டு கண்ணும் போறதால அதா இருக்கும்னு நெனைக்கிறேன். சில மருந்தாலயும் வரும்." டாக்டர் ரொஜப் பக்கம் திரும்பினார். "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா தம்பி? நாட்டு மருந்து, பொடி, லேகியம்?"

"ஒண்ணும் இல்லீங்க. புபு குடுக்குற வைட்டமின் மட்டும்தான்."

"என்ன வைட்டமின்?"

மொமேனாவின் வாய் தானாகப் பேசியது. "செவப்பு மாத்திரைங்க. சர்க்கார்ல கர்ப்பிணிக்குக் குடுக்குறது."

"வேற எதுவும் இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லீங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். ரத்தப் பரிசோதனை முடிந்து மதியத்துக்கு மேல் பாட்டிலில் மருந்து ஏற்றத் தொடங்கலாம் என்றார். "கொஞ்சம் பலமான மருந்து. நிறைய ஏத்தணும். வீக்கம் அடங்கினா ஊறறது நிக்கும். பசி அதிகமாகும், முகம் பூரிச்சு நிலா மாதிரி வட்டமாகும், உடம்புல நீர் கோக்கும். பயந்துடாதீங்க, அந்த மருந்தோட குணம் அப்படி."

மொமேனா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். தம்பிக்குச் சோறு வாங்கப் போனவள் கைகழுவும் குழாயடித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பசி அதிகமாகும். முகம் வட்டமாகும். நீர் கோக்கும்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. மருந்தின் பேரும் தெரியாது. ஆனால் இந்த மூன்றையும் அவள் தன் கையாலேயே வளர்த்துப் பார்த்திருக்கிறாள். அது அதேதான். முதலில் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்த மாதிரி இருந்தது. படித்த டாக்டரே இதைத்தான் கண்ணுக்கு மருந்தாக ஏற்றப் போகிறார்! அப்படியென்றால் நான் விஷம் கொடுக்கவில்லை. மருந்துதான் கொடுத்திருக்கிறேன். நோய் தானாக வந்தது, அல்லாவின் நாட்டம். அவள் எழுந்து நடந்தாள். வாசல் கடையில் சோறும் மீன் குழம்பும் வாங்கினாள். கடைக்காரன் மிச்சம் கொடுப்பதற்குள் இன்னொரு நினைப்பு வந்து முன்னால் நின்றது.

இதுதான் மருந்து என்றால், இதைத் தின்றுகொண்டிருந்தவனுக்குக் கண் எப்படிப் போகும்?

அந்த நினைப்பைத் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. மாட்டின் தொடையில் விழுகிற குழி நினைவுக்கு வந்தது. அங்கே சேர்கிற தண்ணீர் கண்ணுக்குள் மட்டும் சேராதா? டாக்டர் சில மருந்தாலும் வரும் என்று சொன்னாரே. சொன்னால் என்ன ஆகும்? போலீசுக்குச் சொல்வார்கள். திட்டு முழுக்கத் தெரியும், அவள் மாட்டை இனி எவனும் பார்க்க வரமாட்டான். தொராப் என்ன செய்வானோ! இவை எல்லாவற்றையும் அவளால் தாங்க முடியும் போலிருந்தது. புபு கொடுக்கும் வைட்டமின் மட்டும்தான் என்று டாக்டரிடம் சொன்ன முகத்தைப் பார்த்து, அது வைட்டமின் இல்லையடா என்று சொல்வதுதான் முடியாது போலிருந்தது.

அவள் வார்டுக்குள் வந்தபோது ரொஜப் கட்டிலில் படுத்திருந்தான். பக்கத்துக் கட்டில் கிழவர் ஒருவர் ஒரு கண்ணில் கட்டோடு அவனிடம் வாயடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா உடம்புடா பேரா உனக்கு! எனக்கு ஒரு கண்ணுதான் இருக்கு, அதுலயும் நீ மட்டும்தான் தெரியிற."

ரொஜப் சிரித்தான். நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, அவன் கையில் நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றுப் பொட்டலம் மொமேனாவின் கையிலிருந்து நழுவிக் குழம்பு தரையில் கொட்டியது.

"ஏத்தாதம்மா," என்றாள். "டாக்டரம்மாவக் கூப்புடு. மொத டாக்டரம்மாவக் கூப்புடு!"

"டாக்டர் பாத்துத்தான் எழுதியிருக்காங்க. நீங்க தள்ளுங்க, வழுக்கிடப் போகுது."

"நான் பொய் சொல்லிட்டேன்மா. கூப்புடு."

நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊசியைத் தட்டில் வைத்தாள்.

டாக்டர் அறையில் மொமேனா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். மேசைமேல் வெள்ளை மாத்திரைகள் உருண்டன.

"மாட்டுக்குக் குடுக்குறதுங்க. தம்பிக்குக் குடுத்தேன். பனிக்காலத்துலேர்ந்து குடுக்குறேன். இன்னிக்குக் காலையில கூட இங்க வெளியில உக்காந்து குடுத்தேன்."

டாக்டர் ஒரு மாத்திரையை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. "ரெண்டு தடவ கேட்டேன்ல? ரெண்டு தடவ! இன்னும் கொஞ்ச நேரத்துல பாட்டில்ல அதையே ஊத்தியிருப்பேன். என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

மொமேனா உருண்ட மாத்திரைகளைக் கூட்டி டாக்டர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க," என்றார் டாக்டர். கோபம் போகாத குரலில்தான் விளக்கினார். வீக்க நோயாக இருந்தால் இந்த மருந்து ஊற்றை அடைக்கும். ஆனால் சிலருக்கு இந்த மருந்தே ஊற்றைத் திறந்துவிடும். பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். காரணம் மாறினால் வைத்தியம் தலைகீழ். "அத உங்க தம்பியால சொல்ல முடியாது. அவருக்குத் தெரியாது. படத்துலயும் முழுசாத் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"இப்பவே நிறுத்திடுறேன். ஆத்துல போட்டுடுறேன்."

"செய்யாதீங்க! ஒரேயடியா நிறுத்தினா உடம்பு மடங்கிடும், உயிருக்கே ஆபத்து. நான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறேன். இனிமே நான் சொல்ற அளவு, நான் சொல்ற மாத்திரை." டாக்டர் எழுந்தார். "கண்ணு எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. தம்பிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

சொட்டு மருந்தால் கண்மணி விரிந்து, எதையும் பார்க்காமல் ரொஜப் படுத்திருந்தான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். நிமாய் கடையிலிருந்து சொன்னாள், பால் தம்ளரைச் சொன்னாள், தாழ்வாரத்தைச் சொன்னாள். முடித்துவிட்டு அவள் காத்திருந்தாள். அவன் கத்தினால் நன்றாக இருக்கும், தட்டை எடுத்து வீசினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

ரொஜப் முகட்டைப் பார்த்தபடியே கேட்டான். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டான்.

"அப்ப என்னைய எந்தச் சந்தையில விக்கிறதா இருந்த, புபு?"

அவளிடம் பதில் இருந்தது. அணைக்கரைக்கு அந்தப் பக்கத்து வீடு. அதனால்தான் அவளால் வாய் திறக்க முடியவில்லை.

தொராப் விஷயம் கேட்டதும் நேராக நிமாயின் கடைக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தான். "மாட்டுக்குன்னுதான் அண்ணே வாங்கினா, அவளையே கேளுங்க," என்றான் நிமாய். தொராப் கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். வெகுநாள் அவன் படகில் கேலிப்பேச்சே இல்லை. தொராப்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஏறுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பெருநாளுக்கு வந்த வியாபாரி மாட்டின் பின்தொடைப் பக்கம் போனான். மொமேனா பேச்சுக் கொடுக்கவில்லை. அவன் அழுத்தினான், உதட்டைப் பிதுக்கினான், அடிமாட்டு விலைக்குக் கொண்டுபோனான்.

மாத்திரை குறையக் குறைய ரொஜப்பின் முகம் வற்றியது. கண்ணில் தண்ணீரும் மெல்ல வற்றியது. மழைக்காலம் போய்க் கரையெல்லாம் காசப்புல் வெள்ளையாகப் பூத்தபோது வலது கண் தெளிந்துவிட்டது. இடது கண்ணின் நடுவில் மட்டும் ஒரு மங்கல் நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் பார்த்தால் பாய்மரம் இப்போதும் வளைந்தே தெரியும். இனி அது அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். ஷுக்குர் வேறு திட்டிலிருந்து வேறு ஆளைக் கூட்டிப்போயிருந்தான்.

ரொஜப் ஊரில் ஒருவரிடமும் எதையும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது என்றான், அவ்வளவுதான். அக்காவோடு பேசினான், அவள் வைத்த சோற்றைத் தின்றான். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் அட்டையோடு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வலது கண்ணால் பேரைப் படித்துவிட்டுத்தான் பிரிப்பான். அவன் படிக்கிற நேரம் முழுக்க மொமேனா தம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

ஒரு சாயங்காலம் ஜொபேதா சாச்சி இரண்டு மூன்று பெண்களோடு வாசலில் வந்து உட்கார்ந்தாள். ரொஜப் ஓரமாக வலை பின்னிக்கொண்டிருந்தான். சாச்சி வெற்றிலையை மடித்தபடி ஆரம்பித்தாள்.

"பெத்தவகூட இந்த அலைச்சல் அலைய மாட்டா. மாட்டக் கிடைச்ச வெலைக்குத் தள்ளிட்டு, அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா இழுத்துக்கிட்டுத் திரிஞ்சா பாரு! அந்தக் கண்ணு திரும்பினது இவ அல்லாகிட்ட கேட்ட துஆவாலதான். ரொஜப், இப்படி ஒரு அக்காவுக்கு நீ காலம் பூரா செருப்பாத் தேயணும்டா."

மற்றப் பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மொமேனாவுக்குக் காது எரிந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க சாச்சி. அந்தக் கண்ணு போனதே..."

"புபு," என்றான் ரொஜப், வலையிலிருந்து தலையைத் தூக்காமல். "கன்னு கத்துது பாரு. தண்ணி காட்டலியா?"

புதுக் கன்று கத்தவேயில்லை. நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. மொமேனா தம்பியைப் பார்த்தாள். அவன் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கண்ணி எண்ணி ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தான். அவளைக் காப்பாற்றுகிறானா, இல்லை, அவள் இறக்கிவைக்க வந்ததை இறக்கவிடாமல் திருப்பித் தலையில் ஏற்றுகிறானா என்று அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. பெண்கள் பேச்சு வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

மொமேனா வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினாள்.